நிலவில் பட்டுத் திரும்பும் குரல்

ஹாம் வானொலி என்றதும் நமக்குப் புயலும் சுனாமியுமே நினைவுக்கு வருகின்றன. 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து செய்தி கொணர்ந்தவர்களுக்கு அந்தப் புகழ் தகும். ஆயினும் பேரிடரில் மட்டும் போற்றுவது, ஒரு கலையைத் தீயணைப்பு வண்டியாகப் பார்ப்பதாகும்.

2005 மே 5 அன்று ஏவப்பட்ட ஹாம்சாட், இவர்களுக்கென்றே இஸ்ரோ தந்த துணைக்கோள். 2014இல் அது ஓய்ந்தது. நிலவு ஓய்வதில்லை. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அதன்மீது எறிந்த அலை, இரண்டரை நொடியில் திரும்புமென்று 1946 ஜனவரியிலேயே அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் காட்டிவிட்டனர். திரும்புவதோ அணுவளவு. நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லர் உருவாக்கிய மென்பொருள், காதுக்கு எட்டாத குறிகளையும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறது. கணினி கேட்டது உரையாடலாகுமா என்று முணுமுணுப்போர் உண்டு. எமக்கு அந்த ஐயமில்லை. பாதாளக்கரண்டி போட்டு எடுத்தாலும் குடம் நம்முடையதுதானே!

நிலவு தொடுவானத்தை ஒட்டி நிற்கையில், தரையில் பட்டெழும் அலையும் சேர்ந்து குறி வலுக்கும். அதற்குத் தடையற்ற வெளி வேண்டும். திருமங்கலத்துக் கரிசலில் அதற்கா பஞ்சம்? நகரின் மின்னிரைச்சலும் அங்கே குறைவு. யாகி ஆன்டெனாக்களும் திறன்பெருக்கியும் தனியொருவர் கைக்கு எட்டாத செலவு என்பது மெய். ஆகவே கல்லூரிகளைக் கேட்கிறோம். நிலவு மறைக்கும் ரேடியோ மூலங்களை அளப்பதற்காக, 1970இல் உதகையின் மலைச்சரிவையே கருவியின் பகுதியாக்கி 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை நிறுத்தினார் கோவிந்த் ஸ்வரூப். சித்திரை முழுநிலவுக்கு லட்சம்பேர் வைகையில் கூடும் மதுரையில், நான்கு ஆன்டெனாக்களை நிலவை நோக்கித் திருப்ப ஒரு கல்லூரியேனும் முன்வரலாகாதா?