அலமாரிக்கு மறுபூச்சு

பண்டிகை நெருங்குங்கால் சுவர்களுக்கு வெள்ளையடித்தல் நம் இல்லங்களில் வழக்கம். விருந்தினர் கண்ணில் முதலிற் படும் வாயிற் கதவுக்கும் வர்ணம் கிடைத்துவிடும். அடுக்களையில் நிற்கும் அலமாரியையும், குளியலறையில் சோப்பும் எண்ணெயும் வைக்கும் சிறு பேழையையும் எவரும் நினைப்பதில்லை. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, ஈரத்தினால் வர்ணம் உரிந்து, அவை பல்லாண்டு அவ்வாறே நிற்கின்றன. ஒருநாள் வீட்டாரின் பொறுமை தீர்கின்றது. அப்பொழுது இருவகைக் கருத்துகள் எழும். பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோம் என்பது ஒன்று. மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டாற் போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா என்பதும், பழைய அலமாரியை முறைப்படி துலக்கி, வேண்டிய எச்சரிக்கையுடன் மறுபூச்சு இடுதலே தக்கது என்பதும் எம் கருத்து.

முதற் கருத்தை முதலில் ஆராய்வோம். நம் பாட்டனார் காலத்து அலமாரிகளிற் பல தேக்காலும் வேங்கையாலும் பலாவாலும் இயன்றவை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டாதலின், கறையான் அதனை எளிதில் அணுகாது. ஈரமும் விரைவில் உட்புகாது. அத்தகைய பேழையிற் கெட்டது பெரும்பாலும் மேற்பூச்சு மட்டுமே. இன்று மலிவாய்க் கிடைக்கும் அலமாரிகளிற் பலவோ மரத்தூளையும் பசையையும் கலந்து அழுத்திய பலகைகளால் ஆனவை. ஓரத்தில் ஒட்டிய பட்டை சற்றே பிரிந்து நீர் புகுமாயின் பலகை உப்பிவிடும். உப்பியது மீண்டும் பழைய நிலைக்கு வாராது. பூச்சுக் கெட்டது என்று நல்ல மரத்தைக் கழித்து, பளபளப்பை நம்பி நலிந்த பலகையை வாங்குதல் எவ்வாறு சிக்கனமாகும்?

இனி, மேலே ஒரு பூச்சுப் போதும் என்பாரை நோக்குவோம். 'பூசி மெழுகுதல்' என்று நம்மவர் குற்றம் மறைத்தலைக் கூறுவர். அத்தொடருக்கு இவ்வேலையே தக்க சான்று. வர்ணம் எதனைப் பற்றி நிற்கின்றதோ, அதன் உறுதியே வர்ணத்தின் உறுதி. பிசுக்கின்மேற் பூசிய வர்ணம் மரத்தைப் பற்றாது பிசுக்கையே பற்றும். சில திங்களிற் கைப்பிடியைச் சுற்றி உரியத் தொடங்கும். ஆகவே, கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி, எது எவ்விடத்தது என்று குறித்துக்கொள்ளுதல் முதல் வேலை. சலவைச் சோடாவை வெந்நீரிற் கரைத்துப் பழைய பூச்சின் மேலுள்ள பிசுக்கைத் துடைத்து, நல்ல நீரால் மறுபடியும் துடைத்து, முற்றும் உலரவிடுதல் அடுத்தது. அதன் பின்னரே உப்புத்தாளைத் தொடவேண்டும். வெறும் மரமாயின் 80 அல்லது 120 எண்ணுள்ள தாளிற் றொடங்கி 220 எண்ணுள்ள தாளில் முடிக்கலாம். இழை ஓடும் வழியே தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்தாற் கீறல் விழும். துளைகளில் மக்கு வைத்து, காய்ந்தபின் சமன்செய்து, மரத்துக்குரிய பிரைமரை ஒருமுறையும் எனாமலை இருமுறையும் மெல்லிதாய்ப் பூசுதல் முறை.

மெல்லிதாய் என்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் எனாமல் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. தடிப்பாய்ப் பூசினால் மேற்புறம் பாலாடைபோற் படிந்து, உட்புறம் ஈரமாகவே நின்று, பின் சுருக்கம் விழும். எனவே இரு பூச்சுகளுக்கிடையே ஒரு நாளேனும் விடுதல் நன்று. மழைக்காலத்தில் இன்னும் மிகுதியாக விடல் வேண்டும். ஸ்பிரிட்டிற் கரைத்த அரக்குப் பாலிஷ் கூடத்து நாற்காலிக்கு அழகு தரும், அடுக்களைக்கு ஆகாது. சூடான பாத்திரமோ நீரோ பட்டால் அதன்மேல் வெண்தடம் விழும்.

இவை பொறுமையைப் பற்றியன. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயச் சேர்மங்கள் கலந்திருந்தன. நிறம் பளிச்சிடவும், விரைவில் உலரவும், நெடுநாள் உழைக்கவும் அவற்றைச் சேர்த்தனர். இதன் தீமை நேற்று அறியப்பட்டதன்று. 1921-ஆம் ஆண்டிலேயே ஜினீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை கலந்த வர்ணம் பூசுதலைச் சில விதிவிலக்குகளுடன் தடுக்கும் உடன்படிக்கையை இயற்றிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கான ஈய வர்ணம் 1978-இல் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டில் 2016-இல் விதி வகுக்கப்பட்டது. 2017 நவம்பர் முதல், வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது சட்டம். ஆதலின் அதற்கு முன் வர்ணம் பூசப்பெற்ற எந்த அலமாரியிலும் ஈயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே அறிவுடைமை.

ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. தரையில் தவழும் குழந்தை தூசி படிந்த விரலை வாயில் வைக்கும். அவ்வழி உட்புகும் ஈயம் வளரும் மூளையைத் தாக்கி அறிவாற்றலைக் குறைக்கும். அவ்வாறு இழந்ததை எம்மருந்தும் மீட்டுத் தாராது. எனவே பழைய வர்ணத்தை உலர்ந்த தாளால் தேய்த்தலும், தீயாற் சுட்டு உரித்தலும் அறவே கூடா. உறுதியாய் ஒட்டியிருக்கும் பூச்சைச் சுரண்டாமல் விட்டு, கடைகளில் வாட்டர் பேப்பர் எனப்படும் தாளை நீரில் நனைத்துப் பளபளப்பு நீங்குமளவு மட்டும் தேய்த்தல் வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் அப்பால் இருக்கச் செய்து, கீழே விரிப்பு இட்டு, விழுந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். துடைப்பத்தாற் பெருக்கினால் தூசி எழும்பி வீடெங்கும் பரவும்.

இத்தனை தொல்லை நமக்கேன், கூலிக்கு ஒருவரை அமர்த்தினாற் போகாதா என்பார் உளர். அமர்த்தலாம், ஆயின் அதனால் ஈயம் மறைந்துவிடாது. நம் மூச்சில் ஏறாதது அவர் மூச்சில் ஏறும். நாம் ஒருமுறை தேய்ப்பதை அவர் நாள்தோறும் தேய்க்கின்றார். முகத்திற் சுற்றிய துண்டு நுண்தூசியைத் தடுப்பதில்லை. "ஒரே நாளில் முடித்துத் தரவேண்டும்" என்று நெருக்குபவர் வீட்டுக்காரர்; அந்நெருக்கத்தினாலேயே தொழிலாளர் உலர்ந்த தாளைக் கையில் எடுக்கின்றார். ஆகவே ஈரத்தாளுக்கும் தக்க முகக்கவசத்துக்கும் மிகுதிப்படும் நாட்களின் கூலிக்கும் பொறுப்பு வேலை செய்விப்பவரையே சாரும். கூலியைக் குறைத்து மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்வார், அம்மிச்சம் எவர் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பாராக.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் நாம் வீடு செல்லும்போது ஒரு வாரத்தை இதற்குக் கொடுத்தல் அரிதன்று. இலக்கியம் கற்கும் கை உப்புத்தாளைத் தொட்டால் இழிவு நேராது. ஒரு கதவைத் தானே துலக்கிப் பூசியவர் அதன்பின் ஒரு தொழிலாளரின் கூலியைக் குறைத்துப் பேசத் தயங்குவார். அவ்வேலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை அவர் கையே அறியும். அலமாரி புதுமை பெறுவதினும் இவ்வறிவு பெரிய ஊதியம் என்பது எம் துணிபு.