நெஞ்சில் குழாய், கண்ணில் வாட்டம்

மூன்றாவது மாடிச் சன்னலிலிருந்து விழுந்த எங்கள் பூனை மீனுவுக்கு உதரவிதானம் கிழிந்து, குடல் நெஞ்சுக்குள் ஏறிவிட்டது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தேங்கும் காற்றையும் நீரையும் வெளியேற்ற நெஞ்சில் குழாய் வைத்திருந்தார்கள்.

மறுநாள் பார்க்கப் போனபோது எனக்குத் திக்கென்றது. இடது கண் பாதி மூடிக் கிடந்தது. கண்மணி சுருங்கி, மூலையிலிருந்து சவ்வு எட்டிப் பார்த்தது.

“கண்ணிலும் அடியா, டாக்டர்?”

“கண்ணில் ஒன்றுமில்லை. கண்ணுக்குப் போகும் ஒரு நரம்பு நெஞ்சு வழியாகச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. குழாய் அதை அழுத்தியிருக்கும். ஹார்னர் சிண்ட்ரோம் என்போம். அரிதாக வரும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும்” என்றார்.

மூன்று வாரத்தில் கண் முழுதாகத் திறந்தது. ஆனால் அவர் கவனிக்கச் சொன்னது கண்ணை அல்ல, மூச்சை. தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் உடனே கூப்பிடச் சொன்னார். இன்றும் இரவில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் சன்னலுக்கு வலை போட்டுவிடுங்கள். நான் ‘அடுத்த வாரம்’ என்று தள்ளிப்போட்டேன்.