ஏடிஎம் வாசலில் என் மாணவன்



போன வாரம் எழுமலை பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டான். மெட்ராஸ் சாப்பர்ஸில் கண்ணிவெடி எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "இப்ப என்னப்பா பண்றே?" என்றேன். "மதுரையில ஏடிஎம் செக்யூரிட்டி, சார்."

மனசு கேட்கவில்லை. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, உழைத்துத்தான் சாப்பிடுகிறான். ஆனால் மண்ணை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பழகிய கை அது!

இலங்கையைப் பாருங்கள். 2009-இல் போர் முடிந்தது. ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஆனந்த சந்திரசிறி தலைமையில் 'டாஷ்' என்ற தொண்டு நிறுவனம் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறது. பட்டாளத்தில் கற்றது வீண்போகவில்லை. தமிழ்ப் பெண்களும் பயிற்சி பெற்று அங்கே சம்பளம் வாங்குகிறார்கள்.

நம் பக்கம் கண்ணிவெடி இல்லை. கல்குவாரி இருக்கிறது, சிவகாசி, சாத்தூரில் பட்டாசு ஆலை இருக்கிறது. வருஷா வருஷம் உயிர் போகிறது. பட்டாசு மருந்து வேறு, கண்ணிவெடி வேறு என்பீர்கள். சரி, ஆறு மாதம் பயிற்சி கொடுங்கள். அவசரப்படாமல் வேலை செய்வதை யார் இவனுக்குக் கற்றுத்தர வேண்டும்?

ஆலை, குவாரி நடத்தும் என் பிள்ளைகள் இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். அவனிடம் கேட்டுக்கொண்டு நம்பர் தருகிறேன்.