ஜீப் வாங்கப் போன மூன்று பெண்கள்

கடந்த மாரியில் ஓர் இரவு ஒன்பது மணியளவில் உன்னிச்சைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது எமது மாதர் குழுவிலுள்ள ஒரு பெண்ணின் பத்து வயது மகள். "மிஸ், அம்மாவுக்கு அப்பா அடிச்சுப் போட்டார். கை வீங்கிக் கிடக்கு. வாறீங்களா?" என்று கேட்டாள்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய வான். ஆயித்தியமலையைத் தாண்டிக் கிறவல் றோட்டில் இறங்கியதும் பின் சில்லுகள் சேற்றில் புதைந்தன. நானும் சாரதியும் தள்ளிப் பார்த்தோம். நகரவில்லை. விடிந்த பிறகு ஓர் உழவு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். முறிந்த கையோடு அந்தப் பெண் பதினொரு மணித்தியாலம் இருந்திருக்கிறாள். மகள் சேலைத் துணியால் கையைக் கட்டி விட்டிருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் வானை விற்று ஒரு பழைய ஜீப் வாங்குவதென்று முடிவெடுத்தோம். ஒரு நன்கொடை, வான் விற்ற காசு, மாதர் குழுக்கள் சேர்த்த தொகை ஆகிய மூன்றும் கையில் இருந்தன. மூன்றாவதுதான் மிகச் சிறியது. ஆனால் அது இடியப்பம் அவித்தும் பன்பாய் இழைத்தும் சேர்த்த காசு. அதைத் தவறான வாகனத்தில் போட்டுவிட்டு அந்தப் பெண்களின் முகத்தில் முழிக்க முடியாது.

காலமும் எங்களுக்குச் சாதகமாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்கள் நகையைப் போல விலை ஏறிவிட்டன. இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய ஜீப்புக்கும் இலட்சக் கணக்கில் கேட்டார்கள்.

நான் வந்தாறுமூலையில் சமூகவியல் படித்தவள். இயந்திரம் எனக்குத் தெரியாது. எமது கணக்காளர் தங்கைக்கும் தெரியாது. ஆகவே கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஓர் அக்காவை அழைத்துக்கொண்டோம். அவருடைய கணவர் கராஜ் வைத்திருந்தவர். 2008இல் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அவருக்கு டோர்ச் பிடித்துக் கொடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்ட அக்கா, இன்று கை உழவு இயந்திரங்கள் திருத்திப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்.

நிர்வாகக் குழுவில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் பிராடோ என்றார். இன்னொருவர் நகரத்தில் ஓடும் பளபளப்பான பெற்றோல் ஜீப்பைச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல றோட்டச் சொல்லுங்ககா. பிறகு ஜீப்பச் சொல்றன்" என்றார்.

ஒரு வருடத்தில் நாங்கள் ஓடும் வழிகளைத் தாளில் எழுதினோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். எழுவான்கரையில் இருக்கும் நாங்கள் படுவான்கரைக்குப் போக வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய பாலங்களில் ஒன்றைக் கடக்க வேண்டும். மண்முனைத்துறையில் படகுப் பாதைக்காகக் காத்து நின்ற காலம் 2014இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. பிரதான வீதிகளும் இப்போது காபெட் வீதிகள். எழுதி முடித்துப் பார்த்தபோது எங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நல்ல தார் வீதியில்தான் என்று தெரிந்தது. மிகுதி கிறவல், வயல் வரம்பு, குளக்கட்டு. மாரியில் அந்த மிகுதிதான் எங்களைத் தடுக்கிறது. ஆகவே தாரிலும் சேற்றிலும் மாறி மாறி ஓடக்கூடிய வாகனம் வேண்டும்.

'ஃபோர்வீல்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. நகரத்து ஜீப்புகள் பலவற்றில் முன் சில்லுகள்தான் இழுக்கும். அவை வழுக்கினால் மட்டும் பின் சில்லுகள் உதவிக்கு வரும். மழைத் தாருக்கு அது போதும். ஆனால் அவற்றில் மெதுவாகப் பலத்தோடு இழுக்கும் 'லோ' கியர் பெரும்பாலும் இருக்காது. முழங்கால் சேற்றில் அவை எங்கள் வானுக்கு அண்ணன், அவ்வளவுதான்.

இரண்டாவது வகை ஹைலக்ஸ் போன்ற பழைய டபுள் கெப். சாதாரணமாகப் பின் சில்லு மட்டும் இழுக்கும். ஒரு சின்னக் கியர்த் தடியை 2எச்-இலிருந்து 4எச்-க்குத் தள்ளினால் நான்கும் இழுக்கும். 4எல்-இல் போட்டால் சுமை ஏற்றிய மாட்டு வண்டி போல மெதுவாக, ஆனால் விடாமல் இழுக்கும். இது உறுதியான முறை. ஆனால் காய்ந்த தார் வீதியில் 4எச்-இல் ஓட்டக்கூடாது. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதலான தூரம் சுற்ற வேண்டும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்து வைத்தால் சேற்றில் சில்லு வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாததால் உள்ளே பற்சில்லுகள் முறுகி உடையும்.

மூன்றாவது வகையில் அந்த வித்தியாசத்தைத் தாங்க நடுவிலே ஒரு பொறி உண்டு. 1996இலும் 2002இலும் வந்த பிராடோக்களில் நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும். புதைந்தால் நடுப் பொறியைப் பூட்டிவிடலாம். 1991இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜேரோவில் இரண்டு சில்லா நான்கு சில்லா என்று நாமே தெரிவு செய்யலாம், மழைத் தாரிலும் நான்கில் ஓட்டலாம். எங்கள் தாளில் எழுதியிருந்த வழிகளுக்கு இந்த மூன்றாவது வகைதான் பொருந்தியது.

அடுத்தது எஞ்சின். அக்கா டீசல்தான் என்றார். குறைந்த வேகத்திலேயே பலம் கொடுக்கும், ஒரு லீற்றருக்குக் கூடிய தூரம் ஓடும். 2022இல் கியூஆர் அட்டையோடு எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். டீசலிலும் இரண்டு விதம் உண்டு. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பலவற்றில் டீசலை மிகக் கூடிய அழுத்தத்தில் தெளிக்கும் நுண்ணிய இன்ஜெக்டர்களும் கணினியும் இருக்கின்றன. பலம் கூட, புகை குறைவு. ஆனால் அழுக்கு டீசல் அதற்கு ஆகாது. பழுதானால் திருத்தும் செலவு பெரிது. பஜேரோவின் 2.8 லீற்றர் எஞ்சின் போன்ற பழையவை மந்தமானவை, சத்தமும் கூட. ஆனால் செங்கலடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு சாதாரண கராஜில் கழற்றிப் பூட்டலாம். "கொழும்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போற வாகனம் நமக்கெதுக்கு?" என்றார் அக்கா.

மூன்றாவது, விற்பவர்கள் 'ஃபுல் ஒப்ஷன்' என்று சொல்லும் அலங்காரம். தோல் ஆசனம், கூரையில் திறக்கும் கண்ணாடி, மினுங்கும் சில்லு. இவற்றுக்காகவே விலையில் ஒரு நல்ல தொகை கூடுகிறது. கூரைக் கண்ணாடியின் இரப்பர் முதிர்ந்தால் மழைநீர் தலையில் ஒழுகும். நாங்கள் கேட்டது வேறு: முன்னால் இருவருக்கும் காற்றுப்பை, எல்லோருக்கும் ஆசனப்பட்டி, வேலை செய்யும் ஏசி, கர்ப்பிணி ஒருவர் ஏற வசதியான படி, ஒருவரைச் சாய்த்துப் படுக்க வைக்கக்கூடிய பின் ஆசனம்.

இந்தத் தாளோடு நான்கு இடங்களுக்குப் போனோம். போகும் இடமெல்லாம் விற்பவர் எங்கள் சாரதியோடுதான் பேசினார். ஓரிடத்தில், "அம்மாக்கள் நிழலில இருங்க, தம்பி பாக்கட்டும்" என்றார்கள். அங்கே நின்ற ஜீப் புதிதுபோல மினுங்கியது. விலையும் குறைவு. கணக்காளர் தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா ஏறி முன் ஆசனப்பட்டியை முடியுமட்டும் வெளியே இழுத்தார். பட்டியின் அடிப்பகுதியில் மண்ணிறக் கறை ஒரு கோடாகத் தெரிந்தது. காலடி விரிப்பைக் கிளப்பினார். மூலையில் நுண்மணல் படிந்திருந்தது. ஆசனத்துக்குக் கீழே ஆணிகள் துருப்பிடித்திருந்தன. "இது வெள்ளத்தில கிடந்தது கா" என்று மெதுவாகச் சொன்னார். வயர்களுக்குள் தண்ணீர் ஏறிய வாகனம் இன்று ஓடும், நாளை நடுக்காட்டில் நிற்கும். விற்பவர் எதுவும் பேசவில்லை. நாங்களும் சண்டை பிடிக்காமல் வெளியே வந்தோம்.

அக்கா பார்த்த மற்றவற்றையும் எழுதி வைக்கிறேன். உங்களில் யாராவது வானோ லொறியோ வாங்கும்போது உதவும். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முதலில் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் யாரோ ஸ்டார்ட் செய்து ஆயத்தம் பண்ணியிருக்கிறார்கள். புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் டீசல் கூட, காற்றுக் குறைவு. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கவனம். ஒயில் மூடியின் உட்புறம் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. கடலும் வாவியும் சூழ்ந்த ஊர் நமது. ஆகவே பாயைப் போட்டுப் படுத்து அடிச்சட்டத்தில் உப்புத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்வீலை மணலில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், செசி இலக்கங்களை வாகனத்திலுள்ள இலக்கங்களோடு ஒப்பிட வேண்டும். லீசிங் கொடுத்த நிறுவனம் முழு உரிமையாளராகப் பதிவாகியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். புத்தகம் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்க, கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறும் 'ஓப்பன் பேப்பர்' வாகனத்தை வாங்கக்கூடாது. அக்கா இதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். அவருடைய கணவர் காசு கொடுத்து வாங்கிய லொறி அப்படித்தான் இருந்தது. அவர் காணாமற்போன பிறகு பழைய உரிமையாளர் வந்து, புத்தகம் தன் பெயரில் இருக்கிறதென்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அக்காவிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

நாங்கள் வாங்கியது ஒரு பழைய பஜேரோ. நிறம் மங்கியது. இடது கதவில் ஒரு நெளிவு. பெயர் மாற்றி எடுத்த பிறகுதான் மிகுதிக் காசைக் கொடுத்தோம். ரயர்களையும் பெல்ட்டுகளையும் மாற்ற ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கியிருந்தோம்.

இந்த ஜீப்பால் முடியாததும் உண்டு. கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் அப்பாலுள்ள கிராமங்களுக்குப் படகுதான். 2024 நவம்பர் 26இல் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். உழவு இயந்திரத்தையே புரட்டும் நீருக்கு ஜீப் எம்மாத்திரம்? காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சினே உடைந்துவிடும். ஆகவே எங்கள் ஜீப்பில் ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கிறோம்: ஓடும் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. அப்படியான இரவில் 1990 அம்புலன்ஸுக்கும் மகளிர் உதவி இலக்கமான 1938க்கும் முதலில் சொல்லிவிட்டு, கிராமத்துக்குள்ளேயே உதவக்கூடிய இரண்டு பெண்களின் இலக்கங்களை ஒவ்வொரு குழுவிடமும் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. முதல் தடவை ஜீப் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தபோது ஒரு வயதான தாய் வேலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். ஜீப் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு இருந்த இரவுகளை நானும் சிறுமியாக அறிவேன். அக்கா இறங்கி, "நாங்கதான் பெரியம்மா" என்று கூப்பிட்ட பிறகே அவர் வெளியே வந்தார். அன்றிலிருந்து முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். ஒழுங்கை முனையில் நிறுத்தி, பெண்ணொருவர் முதலில் இறங்குவார்.

கை முறிந்த அந்தப் பெண் இப்போது எமது தையல் வகுப்புக்கு வருகிறாள். வழக்கு நடக்கிறது. அவளை நீதிமன்றத்துக்கு ஏற்றிச் செல்வதும் இந்த ஜீப்தான்.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள், சகோதரிகளே. உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிளோ, முச்சக்கர வண்டியோ, உழவு இயந்திரமோ இருந்தால் அதன் பதிவுப் புத்தகத்தை எடுத்து, யாருடைய பெயர் இருக்கிறதென்று பாருங்கள்.