டி.என்.ஏ உறவைச் சொல்லும்... முறையைச் சொல்லுமா?

உங்கள் அப்பாவின் தாத்தா பெயர் தெரியுமா? சரி, அம்மாவின் பாட்டி பெயர்? முதல் கேள்விக்குக் கொஞ்சம் பேர் கை தூக்குவீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் ஊருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

'குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்புங்கள், உங்கள் பூர்வீகத்தைச் சொல்கிறோம்' என்று வெளிநாட்டு நிறுவனங்கள் பல வருடங்களாகவே சொல்லிவருகின்றன. உத்திரமேரூர் பக்கம் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு இது எந்த அளவுக்கு உதவும்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கல்லில் இருக்கும் சொந்தபந்தம்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டு அது. 30 குடும்புகள், 35 முதல் 70 வயது என்கிற தகுதிகளைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம்.

அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, சகோதரியின் கணவர், மருமகன், அப்பா, மகன் என்று ஒரு பெரிய பட்டியலுக்கே தடை! இந்த விதியை அமல்படுத்த வேண்டுமென்றால், யார் யாருக்கு என்ன முறை என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். டி.என்.ஏ தடுமாறுவது சரியாக இந்த இடத்தில்தான்.

எச்சில் என்ன சொல்லும்?

நம் மரபணுவில் பாதி அம்மாவிடமிருந்தும், பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. கூடப்பிறந்தவர்கள் சராசரியாக 50 சதவிகிதமும், அத்தை பிள்ளை, மாமா பிள்ளைகள் 12.5 சதவிகிதமும் பகிர்ந்துகொள்வார்கள். இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கும் அளவை வைத்து, 'இவர் உங்களுக்கு இத்தனையாவது தலைமுறைச் சொந்தம்' என்று மென்பொருள் கணிக்கும்.

நம் ஊரில் சிக்கல் எங்கே என்றால், அத்தை மகன், மாமன் மகள் கல்யாணங்களில்! சில குடும்பங்களில் தாய்மாமனையே கட்டியிருப்பார்கள். அப்படியென்றால் ஒரே ஆள் இரண்டு மூன்று வழிகளில் சொந்தமாவார். பொதுவான மரபணு கூடும். ஆறாவது தலைமுறைச் சொந்தத்தைக்கூட நாலாவது தலைமுறை என்று மென்பொருள் காட்டிவிடும். சொந்தம் என்பது சரி, முறைதான் தப்பு.

இன்னொரு பக்கம், டி.என்.ஏ ரொம்பப் பழைய கதையையும் சொல்லும். மதுரை மாவட்டம், உசிலம்பட்டி அருகிலுள்ள ஜோதிமாணிக்கத்தில் ஒருவரின் ரத்த மாதிரியில் எம்130 என்ற அடையாளம் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் கண்டறிந்தது இது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போகிற அறிவியலால் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்ல முடியாது.

கப்பலேறியவர்களின் பிள்ளைகள்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? கடல் தாண்டிச் சிலர் நம்மைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் பதிவேட்டில் உண்டு. செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

அந்த வம்சாவளியினர் இன்று பரிசோதனை செய்துகொள்கிறார்கள். ஆறு தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து வந்தது சுமார் 1.5 சதவிகிதம்தான். அதை ஒப்பிட இந்தப் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே! கிராமத்தில் இருப்பவர்கள் பரிசோதிப்பதே அபூர்வம். 'எங்க பெரிய தாத்தாவோட தம்பி கப்பலேறிப் போனவர்தான், திரும்பவே இல்லை' என்று திண்ணையில் சொல்லும் பாட்டியின் ஒரு வரிதான், இங்கே விடுபட்ட கண்ணி.

தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997-ல்தான். ஆங்கிலேயர் ஆவணங்களில் செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா என்று பாருங்கள். ஊர்ப்பெயரும் 'உத்தரமல்லூர்' என்று இருக்கலாம்.

முதலில் பாட்டி, பிறகு செயலி

குடும்ப மரம் வரைய கிராம்ப்ஸ், ஃபேமிலி சர்ச் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. 'குடும்பப் பெயர்' என்று கேட்கும் கட்டத்தில்தான் நாம் முழிப்போம். நமக்கு இருப்பது இனிஷியல்! அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அப்பா பெயரைத் தனியாக எழுதுங்கள். குறிப்புப் பகுதியில் குலதெய்வம், அது இருக்கும் ஊர், பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் எல்லாம் வரட்டும். பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் போனில் படமெடுத்துச் சேருங்கள்.

அம்மா வழியை விட்டுவிடாதீர்கள். குலதெய்வமும் பங்காளிக் கணக்கும் அப்பா வழியில் மட்டுமே போகின்றன. இரண்டு தலைமுறையில் பெண்களின் பெயர் மறைந்துபோகிறது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு என்று அந்த வழியிலேயே வருகிறது. ஆனால், அதிலும் பெயர் இருக்காது.

துப்புவதற்கு முன்...

நீங்கள் ஒருவர் கொடுக்கும் மாதிரி, உங்கள் அண்ணன், அத்தை பிள்ளைகளின் ரகசியமும்தான். தத்தெடுத்தது, மறைத்த இன்னொரு குடும்பம் என எதுவும் வெளியே வரலாம். வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள். 2023-ல் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. பாஸ்வேர்டை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது.

சொத்தில் பாகம் கேட்க இந்த அறிக்கை உதவும் என்றும் நினைக்காதீர்கள். வீட்டிலிருந்து அனுப்பிய எச்சில் யாருடையது என்பதற்கே சாட்சி கிடையாது.

பரிசோதனையை அடுத்த வருடம்கூடச் செய்துகொள்ளலாம். 85 வயதுப் பாட்டியிடம் கேட்பதை அப்படித் தள்ளிப்போட முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, 'உங்க அம்மாவைப் பெத்த பாட்டி பேரு என்ன ஆயா?' என்று ஆரம்பியுங்கள்.