உழவர் வீட்டு முதல்வர்களும் ஏரிகள் கேட்கும் கணக்கும்

புதுவையின் நெற்களஞ்சியம் பாகூர் என்றால், அரசியல் நாற்றங்கால் நெட்டப்பாக்கம் எனலாம். பிரெஞ்சு ஆட்சியை உதறித்தள்ளி 1954 மார்ச்சில் விடுதலை முழக்கம் எழுப்பிய கொம்யூன் அது. அங்குள்ள மடுகரையின் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த வெங்கடசுப்பா ரெட்டியார் 1964ல் முதலமைச்சரானார். 1968லும் சில மாதங்கள் அப்பதவியில் இருந்தார். அவருடைய மகன் வைத்திலிங்கம் 1991 முதல் 1996 வரையிலும், 2008 முதல் 2011 வரையிலும் முதல்வர். பின்னர் சபாநாயகர், 2019லும் 2024லும் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒரு சிற்றூர் இரண்டு முதல்வர்களைத் தந்தது பெருமைதான். ஆனால் பெருமையால் பயிர் விளையாது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆட்சி செய்த காலத்தில் ஏரிகள் யார் கையில் இருந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றுள் பெரியவை. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலச்சொந்தக்காரர்களின் பாசனச் சங்கங்கள் ஏரிகளைக் கவனித்தன. நிலத்துக்கேற்பப் பணம் வசூலித்து, வாய்க்காலைத் தூர்வாரி, நீரைப் பங்கிட்டன. அவற்றில் பெரிய நிலக்காரர் கை ஓங்கியிருந்தது உண்மையே. ஆனாலும் மதகு அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

இணைப்புக்குப் பின் ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின; சங்கங்கள் மங்கின. மின் மோட்டாரும் ஆழ்குழாய்க் கிணறும் வந்தன. தன் நிலத்திலேயே நீர் கிடைத்தபின் ஏரிக்கரைக்குப் போக யாருக்கும் மனமில்லை. வரத்து வாய்க்கால் தூர்ந்தது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. 1999ல் ஐரோப்பிய உதவியுடன் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கி, மீண்டும் ஊர்தோறும் சங்கங்கள் அமைந்தன. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது பழைய முறையில் இல்லாத நன்மை. ஆனால் திட்டப் பணம் உள்ளவரை மட்டும் இயங்குவது சங்கமாகாது.

இதற்கு ஒரு தலைவரையோ ஒரு குடும்பத்தையோ பழிப்பதில் பொருளில்லை. ஆறு தமிழகத்திலிருந்து வருகிறது. பணத்துக்கு மத்திய அரசை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஏரியை முதலில் மறந்தவர்களில் விவசாயிகளும் உண்டு.

எனினும், ‘நானும் விவசாயிதான்’ என்று வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். சம்பா நடவுக்கு முன் வரத்து வாய்க்கால் தூர்வாரப்படுமா? ஏரிச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் நிதியும் அதிகாரமும் கிடைக்குமா? நன்செய் நிலம் வீட்டுமனையாவதைத் தடுக்கத் துணிவு உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்பவரே விவசாயிகளின் பிரதிநிதி. அவர் எந்த வீட்டில் பிறந்தவர் என்பது இரண்டாம் பட்சம்.