கூரைமேல் நின்று சுட்டவர்கள் யார்?

‘இஃப்’ படத்தைக் கலகத்தின் பாடப்புத்தகம் என்று நண்பர்கள் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மாணவத் தோழர்கள் அறையில் போட்டார்கள், நானும் பார்த்தேன். பார்க்க வேண்டிய படம்தான். ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல.

1968இல் லிண்ட்சே ஆண்டர்சன் எடுத்தது. 1969இல் கான் விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்றது. பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஆங்கிலப் பள்ளி. மூத்த மாணவர் சிலர் கையில் பிரம்பு. அவர்களுக்குப் பெயர் ‘சாட்டைகள்’. சின்னப் பையன்களுக்குப் பெயர் ‘கசடுகள்’. சாட்டைகளுக்குக் கழிப்பறை இருக்கையைக்கூடக் கசடு உட்கார்ந்து சூடாக்கித் தர வேண்டும்.

மிக் டிராவிஸ் என்பவன் பிரம்படி வாங்குகிறான். முடிந்ததும் அடித்தவன் கையைக் குலுக்கி நன்றி சொல்லணும். அடியைவிட அந்த நன்றிதான் என்னைச் சுட்டது. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் பள்ளி விழாவன்று மிக்கும் கூட்டாளிகளும் கூரைமேல் ஏறிச் சுடுகிறார்கள். அறை முழுக்கக் கைதட்டல். நான் தட்டவில்லை. சொத்துக்கு வாரிசானவன் வீட்டைக் கொளுத்தினால் அது புரட்சியா, பங்காளிச் சண்டையா? கூட நின்று சுடுகிற காப்பிக்கடைப் பெண்ணுக்குப் படத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. கலகத்திலும் அவள் எடுபிடிதானா?

1969இல் வந்த கென் லோச்சின் ‘கெஸ்’ஸையும் பாருங்கள். பார்ன்ஸ்லி, நிலக்கரி ஊர். சுரங்கத்துக்கு மட்டும் போகமாட்டேன் என்கிற பில்லி, ஒரு வல்லூறை வளர்க்கிறான். அங்கேயும் பிரம்பு. தலைமையாசிரியரிடம் சேதி சொல்ல வந்த குட்டிப் பையனுக்கும் சேர்த்தே விழுகிறது. துப்பாக்கி இல்லை, கூரை இல்லை. பறவையை அண்ணன் கொன்றுபோட, பில்லி குழி தோண்டிப் புதைக்கிறான். அவ்வளவுதான்.

பிரம்பு ஒன்றுதான், வேலை வேறு. மிக்கின் பள்ளியில் அது பயிற்சி: இன்றைக்கு வாங்குகிறவன் நாளைக்குக் கொடுப்பான். பில்லிக்கு அந்த நாளை கிடையாது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிப் பிரம்பு 1987இல் ஒழிந்தது; தனியார் பள்ளிகளில் முழுசாக ஒழிய 1999 ஆயிற்று. அவ்வளவு சீக்கிரம் விடுவார்களா பயிற்சியை?

நானும் பள்ளியில் பிரம்படி வாங்கினவன்தான். அடுத்த வருஷம் பிரம்பு உன் கைக்கு வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகவே தோழர்களே, ‘இஃப்’ பாருங்கள். எசமான்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பாருங்கள். கூரையைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: இறங்கி வந்தபிறகு அந்தப் பிரம்பை இவன் உடைப்பானா, எடுத்து வைத்துக்கொள்வானா?